ஆம்பில் செருக ஒரு ஹெட்போன்: டர்பனில் எனக்கு நாலாயிரம் ராண்ட் ஆன கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் வீடு எடுத்தால் சுவரில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்று 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி டர்பனின் பல பகுதிகளிலிருந்து கிளப்பப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக அறுபதுகளில் உருவான குடியிருப்பு இது. பல வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். வேலைக்காக மதுரையிலிருந்து வந்த நானும் தஞ்சாவூர்க்காரத் தம்பி ஒருவரும் அப்படி ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஆபீஸ் முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, கிட்டாரைக் கையில் எடுக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் எண்பதைத் தாண்டிய ஒரு ஆயா. ஒருநாள் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டே, "தம்பி, ராவுல என்ன மிஷின் ஓட்டுறீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என்ன மிஷின் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில்தான் கேட்டார். அதுதான் அதிகம் உறைத்தது.

என்னிடம் இருந்தது 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் (எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி), இங்கேயே செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் முன்பக்கத்தில் ஹெட்போன் படம் போட்ட ஒரு ஓட்டை உண்டு. ஓட்டை இருக்கிறது, ஹெட்போன் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அதில் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று அப்போது சொல்ல ஆளில்லை. பாட்டுக் கேட்கும் ஹெட்போனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிட்டார் ஆம்பில் செருகி வாசிப்பது அதிலிருந்து முழுக்க வேறு சங்கதி.

முதலில் வாங்கியது ப்ளூடூத் ஹெட்போன். 2,400 ராண்ட், ஆன்லைனில். "இப்ப யார் சார் வயர் வாங்குறாங்க" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னதும் ஒரு காரணம். வந்த பிறகுதான் தெரிந்தது, ஆம்பிலிருந்து ப்ளூடூத்தில் ஒலி வெளியே போகவே போகாது. ப்ளூடூத் என்று எழுதியிருக்கும் ஆம்ப்களிலும்கூட அது பெரும்பாலும் போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்குவதற்குத்தான். சரி என்று 450 ராண்டுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கி ஹெட்போன் ஓட்டையில் செருகினேன். சத்தம் வந்தது, ஆனால் கம்பியை மீட்டி விரல் அடுத்த இடத்துக்குப் போன பிறகு வந்தது. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை ஆகும். பாட்டுக் கேட்கும்போது இது தெரியாது. படம் பார்க்கும்போது உதட்டசைவை ஓரளவு சரிக்கட்டிவிடுவார்கள். நாமே வாசிக்கும்போது மறைக்க வழியில்லை. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகிறது. அந்தக் கணக்கில் 200 மில்லி செகண்ட் தாமதம் என்றால், கிங்ஸ்மீட் மைதானத்தில் பிட்ச் நடுவே ஆம்பை வைத்துவிட்டு பவுண்டரிக் கோட்டில் நின்று வாசிப்பது மாதிரி. தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டால் பைத்தியம் பிடித்துவிடும். நான் கொஞ்ச நாள் என் கைதான் தாளம் தப்புகிறது என்று நினைத்து வருந்தியதுதான் இதில் பெரிய கொடுமை.

ஏற்கெனவே ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் 3.5 மில்லிமீட்டர் வயர் செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வயர் போட்டால் பெரும்பாலான மாடல்களில் தாமதம் போய்விடும். சிலவற்றில் மட்டும் வயரில் வரும் ஒலியையும் உள்ளே டிஜிட்டலாக மாற்றி அனுப்புவார்கள், அதில் கொஞ்சம் பின்தங்கல் மிச்சமிருக்கும். என்னுடையதில் வயருக்கு இடமே இல்லை. வயரே கூடாது என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்காக பாஸ் நிறுவனத்தின் வாஸா ஏர் ஹெட்போன் போன்றவை இருக்கின்றன. அவை கிட்டார் ஒலிக்கு ப்ளூடூத்தை நம்பாமல் தனி ரேடியோ இணைப்பு வைத்திருக்கின்றன. விலையைப் பார்த்ததும் நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

அந்த ப்ளூடூத் ஹெட்போனைத் திருப்பி அனுப்பலாம் என்று விற்றவர்களைக் கேட்டால், பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம் என்றார்கள். நம்பி விட்டுவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, ஆன்லைனில் வாங்கிய பொருள் கைக்கு வந்து 7 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் வாங்கியதை ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும்தான் நம்முடையது. சில வகைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் ஹெட்போன் அந்தப் பட்டியலில் இல்லை. பொருளே பழுது என்றால் அது வேறு கணக்கு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். அந்த மூன்றில் எது என்பதை முடிவு செய்பவர் வாங்கியவர்தான். எனக்கு இதெல்லாம் தெரியவந்தபோது முதல் ஹெட்போனுக்கு 7 நாள் எப்போதோ கடந்துபோயிருந்தது. அது இப்போது ஊரில் தங்கையிடம் இருக்கிறது. நன்றாகப் பாட்டுக் கேட்கிறாளாம்.

அப்புறம் எதிர்த் திசையில் போனேன். வயர் உள்ளதாக, தரமானதாக, ஒரேயடியாக வாங்கிவிடுவோம் என்று ஸ்டூடியோ ஹெட்போன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் 3,200 ராண்டுக்கு எடுத்தேன். மின்தடை 250 ஓம், பின்பக்கம் திறந்த ரகம். விற்றவர் வீட்டில் ஒலிப்பதிவுக்காகக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் அவருடைய பெரிய ஆடியோ இன்டர்ஃபேஸில் கேட்டபோது சொர்க்கம். என் ஆம்பில் செருகினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, அதுவும் ஒரு காதில் மட்டும்.

ஒரு காது ஊமையானதற்குக் காரணம் 40 ராண்ட் பின். ஹெட்போனின் முனை 3.5 மில்லிமீட்டர், ஆம்பின் ஓட்டை 6.35 மில்லிமீட்டர். நடுவில் போடும் கன்வெர்ட்டர் பின்னில் மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு வகை உண்டு. பின்னின் உலோகத் தண்டில் ஒரு கறுப்புக் கோடு இருந்தால் மோனோ, இரண்டு கோடு இருந்தால் ஸ்டீரியோ. கிட்டார் வயர்களில் இருப்பது மோனோ பின் என்பதால் கடைக்காரர் கிட்டார் என்றதும் அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஹெட்போனுக்கு வேண்டியது இரண்டு கோடு. மோனோ பின்னை ஸ்டீரியோ ஓட்டையில் செருகினால் ஒரு பக்கத்து ஒலி நேராக எர்த்தோடு சேர்ந்துவிடும், ஆம்புக்கும் நல்லதல்ல. இன்னொரு 40 ராண்ட் கொடுத்து சரியானதை வாங்கிய பிறகு இரண்டு காதும் திறந்தன, கிணறு மட்டும் அப்படியே இருந்தது.

அதுதான் ஓம் விவகாரம். ஓம் எண் கூடக் கூட அதே வோல்டேஜில் ஹெட்போன் வாங்கிக்கொள்ளும் சக்தி குறைகிறது. மற்றதெல்லாம் சமம் என்றால், 32 ஓம் ஹெட்போனுக்குக் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்குதான் 250 ஓமுக்குப் போகும். ஏறக்குறைய 9 டெசிபல் இறக்கம். பயிற்சி ஆம்ப்களின் ஹெட்போன் ஓட்டைக்குப் பின்னால் பெரும்பாலும் சின்ன சிப் ஒன்றுதான் இருக்கும், அதற்கு அவ்வளவு தெம்பில்லை. ஓம் அதிகமிருந்தால் தரம் அதிகம் என்று ஒரு பேச்சு உலவுகிறது, நம்பாதீர்கள். எந்தக் கருவியோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்த எண் அது. பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஒரே மாடல் 32, 80, 250 ஓம் என மூன்று விதமாகக் கிடைப்பது இதனால்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் பார்க்காமல் எத்தனை ஓம் என்று கேட்டே ஆகவேண்டும்.

திறந்த ரகம் என்பது இன்னொரு தலைவலி. காதை மூடும் குடுவையின் பின்புறம் வலை மாதிரி இருப்பதால் ஒலி இரண்டு பக்கமும் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆயாவுக்குக் கேட்கவில்லை, ஆனால் அதே அறையில் படுத்திருந்த தஞ்சாவூர்த் தம்பி "அண்ணே, காதுக்குள்ள கொசு வாசிக்குது" என்றார். இதோடு கம்பிகளின் சொந்தச் சத்தமும், கம்பி மீட்டும் பிக் படும் டிக்டிக்கும் வெளியிலிருந்து எனக்கே கேட்டன. தனி அறை இருப்பவர்களுக்குத் திறந்த ரகம் அருமையானது, அதில் சந்தேகமில்லை. காது வேர்க்காது, ஒலி தலைக்குள் அடைபட்ட மாதிரி இருக்காது. டர்பனின் ஜனவரி வெக்கையில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் ஒரே அறையில் இருவர் என்றால் மூடிய ரகம்தான்.

சத்தம் போதவில்லையே என்று 950 ராண்டுக்கு ஒரு குட்டி ஹெட்போன் பூஸ்டர் வரவழைத்தேன். சத்தம் கூடியது, கூடவே ஆம்பின் உஸ்ஸென்ற இரைச்சலும் அதே அளவு கூடியது. உள்ளே வருவது இரைச்சலோடு வந்தால் பூஸ்டர் இரண்டையும்தானே பெரிதாக்கும். இந்த முறை சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, பூஸ்டரைத் திருப்பி எடுக்கச் சொல்லி மின்னஞ்சல் எழுதினேன். மறுபேச்சில்லாமல் பணம் வந்தது, கூரியர் செலவு மட்டும் போனது. ஹெட்போனை 2,300 ராண்டுக்குத் தள்ளிவிட்டேன்.

இந்த இடத்தில் நடந்த ஒன்றை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். 250 ஓமுக்காக ஆம்பின் வால்யூம் 9இல் இருந்தது. அதை விற்ற அன்று நண்பரிடமிருந்து 38 ஓம் ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கி வந்து, திருகியைத் தொடாமல் மாட்டிக்கொண்டு ஒரு கார்ட் அடித்தேன். அடித்த வேகத்தில் பிடுங்கி எறிந்தேன். அன்றிரவும் மறுநாளும் காதில் 'ஙீ' என்று ஒரே ரீங்காரம். ஒரு வேளை இது போகவே போகாதோ என்ற பயத்தில் தூக்கமில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, அதிர்ஷ்டம், சில நாள் சத்தமே வேண்டாம் என்றார். போய்விட்டது. எல்லோருக்கும் போகும் என்று சொல்ல முடியாது. ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் வால்யூமைச் சுழியத்துக்கு இறக்குங்கள், மாட்டிய பிறகு மெல்ல ஏற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்ட கிட்டார் சத்தம் கூடியதே தெரியாமல் ஏறும். நான் இப்போது திருகியில் ஒரு இடத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்திருக்கிறேன். அதைத் தாண்டுவதில்லை.

இரவல் ஹெட்போன் மூடிய ரகம், வயர் உண்டு, ஓம் சரி, சத்தம் போதும். ஆனாலும் ஒலி சகிக்கவில்லை. சுத்தமான டோன் பரவாயில்லை, டிஸ்டார்ஷன் போட்டால் காதுக்குள் தேனீக் கூட்டம். ஹெட்போன்தான் மட்டம், இன்னும் விலை கூடியது வாங்க வேண்டும் என்று மறுபடி கடை தேட ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் வீட்டுக்காரரின் மச்சான் வந்தார், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுபவர். எழுபதுகளில் டர்பன் கல்யாணங்களில் பேண்டில் கிட்டார் வாசித்தவர். கேட்டுவிட்டு, "உங்க ஹெட்போன்ல குத்தமில்ல தம்பி. ஸ்பீக்கர் டப்பா இல்லாம கேட்டா கிட்டார் இப்படித்தான் கத்தும்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் நான் முதலில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் தருவதில்லை. பலரும் கொண்டாடும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரின் எல்லையே 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ்தான். கிட்டாரின் தடித்த கம்பி தொடங்குவது 82 ஹெர்ட்ஸில். மேலே 5,000ஐத் தாண்டி டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கரகரப்பையெல்லாம் ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் விழுங்கிவிடும், மிச்சமிருப்பதைத்தான் கிட்டார் ஒலி என்று நம் காது பழகியிருக்கிறது. ஹெட்போன் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒன்றையும் விடாமல் காட்டும். அப்படியானால் விலை கூடக் கூட அந்தக் கரகரப்பு இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். ஹெட்போன் வரும் அட்டைப்பெட்டியில் 5 முதல் 35,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்குவதில் கிட்டாருக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆகவே பார்க்க வேண்டியது, ஆம்பின் ஹெட்போன் ஓட்டையில் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் வடிகட்டல் இருக்கிறதா என்பது. கேப் சிமுலேஷன் என்பார்கள். பாஸ் கட்டானா, யமஹா டிஎச்ஆர் போன்ற இன்றைய பயிற்சி ஆம்ப்களில் அது உள்ளேயே இருக்கிறது. என்னுடையது போன்ற பழைய மலிவு ஆம்ப்கள் பலவற்றில் இல்லை. செலவில்லாத தற்காலிக வழி, டிரெபிளையும் கெயினையும் நன்றாக இறக்கி, கிட்டாரின் டோன் திருகியைப் பாதிக்குக் கொண்டுவருவது. அங்கிள் அதைச் செய்து காட்டியபோதே அதே இரவல் ஹெட்போனில் தேனீக்கள் பாதி பறந்துவிட்டன. முழுத் தீர்வுக்கு இரண்டு வழி: கேப் சிமுலேஷனும் ஹெட்போன் ஓட்டையும் உள்ள பெடல் (கிட்டார் ஒலியை மாற்றும் காலடிப் பெட்டி) ஒன்று, அல்லது கிட்டாரிலேயே நேரே செருகும் ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ மாதிரிக் கையடக்கக் கருவி. நான் முதல் வழியில் போனேன்.

அங்கிள் வீட்டு கராஜில் ஒரு பழைய வால்வ் ஆம்ப் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாமா என்று எனக்கு ஆசை. அவரே தடுத்தார். அதன் பின்னால் ஸ்பீக்கர் என்று எழுதிய ஓட்டையும் 6.35 மில்லிமீட்டர்தான், ஹெட்போன் பின் அழகாகப் பொருந்தும். பொருந்திவிட்டால் ஹெட்போனும் போச்சு, காதும் போச்சு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வ் ஆம்பைச் சும்மா ஓட்டினாலும் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோக வாய்ப்புண்டு. அதில் ஹெட்போன் வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும், ஹெட்போன் ஓட்டையும் உள்ள லோட் பாக்ஸ் என்ற தனிக் கருவி நடுவில் வேண்டும். மின்வெட்டு நேரத்து இன்வெர்ட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை: மின் அலையைச் சீராகத் தராத மலிவான மாடிஃபைடு சைன் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டினால் 'பர்ர்' என்ற இரைச்சல் ஹெட்போனில் அப்பட்டமாகக் கேட்கும். அந்த நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் கருவிதான் சரி.

கடைசியில் நான் புதிதாக வாங்கியது மூடிய ரகம், காதைச் சுற்றி உட்காருவது, 64 ஓம், 1,900 ராண்ட். 32 முதல் 80 ஓம் வரை எதுவும் பயிற்சி ஆம்புக்குப் பொருந்தும். ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ் 35 ஓம், சோனி எம்டிஆர் 7506 63 ஓம், சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ 64 ஓம், எல்லாமே இந்த எல்லைக்குள் வருபவை. பேஸைத் தூக்கிக் காட்டும் ரகங்களைத் தவிர்த்தேன். ஹெட்போன் கூட்டித் தரும் பேஸுக்கு ஏற்ப ஆம்பில் டோன் வைத்தால், நாளை ஸ்பீக்கரில் வாசிக்கும்போது எல்லாம் மெலிந்துபோய்க் கேட்கும். வயர் குறைந்தது மூன்று மீட்டராவது வேண்டும், இல்லையென்றால் திரும்பும்போதெல்லாம் ஆம்ப் கூடவே வரும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே மாட்டிப் பார்த்து, பத்து நிமிடம் கழற்றாமல் கடையில் நில்லுங்கள். நெற்றிப்பொட்டுப் பக்கம் வலிப்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

போனது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். முதல் ஹெட்போன், டிரான்ஸ்மிட்டர், விற்றதில் இறங்கியது, பின்கள், கூரியர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,000 ராண்ட். கடைசியில் வாங்கியதைப் போல இரண்டு வாங்கியிருக்கலாம். காசைவிட, என் தாளம் கெட்டுவிட்டது, என் டோன் மட்டம் என்று நினைத்து வாசிக்கவே பிடிக்காமல் கிட்டாரை உறைக்குள் போட்டு வைத்திருந்த நாட்கள்தான் எனக்கு எரிச்சல்.

டர்பன்வாசிகளுக்கு இன்னும் ஒன்று. கடற்காற்றின் ஈரத்திலும் வேர்வையிலும் ரெக்சின் மெத்தைகள் சீக்கிரம் உரிந்து காதெல்லாம் கறுப்புப் பொடியாகும். மெத்தையும் வயரும் கழற்றி மாற்றக் கிடைக்கும் மாடலா என்று வாங்குமுன் பாருங்கள். வெல்வெட் மெத்தை வேர்க்காது, ஆனால் கொஞ்சம் ஒலி கசியும். செகண்ட் ஹேண்டில் எடுப்பதென்றால் பிரபலமான மாடல்களுக்குப் போலிகள் நடமாடுகின்றன. வாங்கிய ரசீது கேளுங்கள், உங்கள் ஆம்பையும் கிட்டாரையும் எடுத்துப்போய் அதில் செருகியே கேட்டுப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.